வலிக்கவில்லை என்றால் நலமா?

தாம்பரத்திலே மின்சார ரயில் ஏறுங்கள், தோழர்களே! தெற்கே செல்லும் ரயிலிலே ஏறுங்கள். பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில் — அடுத்து வருவது பரனூர். அங்கே கண்ணாடிச் சுவர் எழுப்பிய கணிப்பொறிக் கூடங்கள் நிற்கின்றன. காலையிலே கூட்டம் கூட்டமாக இளைஞர்கள் இறங்குகிறார்கள்; கழுத்திலே அடையாள அட்டை, காதிலே பாட்டு, கண்ணிலே கனவு! அதே பரனூரிலே மற்றொரு குடியிருப்பும் இருக்கிறது. தொழுநோயால் தாக்குண்டு, உற்றாரால் உதறப்பட்டு, ஊராரால் ஒதுக்கப்பட்டோருக்கு அரசு அமைத்த மறுவாழ்வு இல்லம் அது. பிச்சைப் பாத்திரம் ஏந்தியோருக்கும் மனித வாழ்வு உண்டு என்று கூறி, 1970களின் தொடக்கத்திலே கலைஞர் ஆட்சி வகுத்த திட்டத்தின் வழி வந்தது.

அடுத்த நிலையம் செங்கல்பட்டு. அதன் அருகே, திருமணியிலே, லேடி வெலிங்டன் பெயரால் ஒரு தொழுநோய் மருத்துவ நிலையம் வெள்ளையர் காலத்திலேயே விளங்கிற்று. 1955ஆம் ஆண்டு நடுவண் அரசு அதனை ஏற்று, பயிற்சியும் ஆராய்ச்சியும் நடத்தும் நிலையமாக ஆக்கிற்று. இராபர்ட் காக்ரேன் என்னும் மருத்துவ மேதை பணியாற்றிய இடம் அது. தொழுநோயை வெல்லும் சல்போன் மருந்தினை 1940களிலேயே நம் நாட்டு நோயாளிகளுக்கு அளித்துப் பயன் கண்ட இடமும் அதுவே.

நோயை ஆராய நிலையம் இருக்கிறது. நோயாளி வாழ இல்லம் இருக்கிறது. நோயை நீக்க மருந்தும் இருக்கிறது. பிறகென்ன குறை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அளக்க வந்தார்கள்!

மருத்துவ உலகிலே இன்று ஒரு நல்ல பேச்சு எழுந்திருக்கிறது. “நோயை மட்டும் அளந்தால் போதாது, நோயாளியின் வாழ்வையும் அளக்க வேண்டும்” என்கிறார்கள். தொழுநோய், யானைக்கால், மதுரைக்கால் எனப்படும் பூஞ்சைப் புண், சொறி சிரங்கு, கருங்காய்ச்சல் கண்டு தேறியவர்க்கு வரும் தோல் நோய் — இவற்றையெல்லாம் ‘புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்’ என்னும் பட்டியலிலே சேர்த்திருக்கிறது உலக சுகாதார நிறுவனம். இவற்றுள் தோலைத் தாக்குவன அனைத்தையும் ஒருங்கே எதிர்க்க 2022இல் ஒரு செயல்திட்டம் வகுத்தது. 2025 மே திங்களிலே ஜெனீவாவிலே கூடிய உலக சுகாதாரப் பேரவை, தோல் நோய்களை உலகப் பொது நலனுக்குரிய தலையாய சிக்கல் என்று தீர்மானமே நிறைவேற்றிவிட்டது.

புறக்கணிக்கப்பட்ட நோயாம்! நோயையா புறக்கணித்தார்கள்? நோய்க்கு என்ன மானம், என்ன வருத்தம்? புறக்கணிக்கப்பட்டவர்கள் மனிதர்கள். இருக்கட்டும், இப்போதாவது நினைவு வந்ததே, வரவேற்போம்!

வாழ்வை அளக்க அவர்கள் கையிலே கொண்டுவரும் கோல்களுள் பெயர்பெற்றது ஒன்று. பிரிட்டனிலே, கார்டிஃப் நகரிலே, ஃபின்லே, கான் என்னும் இருவர் 1994இல் வெளியிட்ட தோல்நோய் வாழ்க்கைத்தர அளவை. பத்தே கேள்விகள். ‘கடந்த ஒரு வாரத்தில்’ என்று தொடங்குவன. தோல் அரித்ததா, வலித்ததா? கூச்சம் ஏற்பட்டதா? கடைக்குச் செல்வதற்கோ வீட்டு வேலைக்கோ இடையூறா? உடுத்தும் உடையை மாற்ற நேர்ந்ததா? பொழுதுபோக்குக்குத் தடையா? விளையாட்டுக்கு? வேலைக்கு அல்லது படிப்புக்கு? துணைவரோடும் நண்பரோடும் உறவினரோடும் தொல்லையா? இல்லற இன்பத்துக்கு இடையூறா? மருத்துவமே ஒரு தொல்லையா? ஒவ்வொன்றுக்கும் மூன்று முதல் சுழி வரை மதிப்பெண். மொத்தம் முப்பது. எண் கூடினால் துயரம் அதிகம்; எண் குறைந்தால் துயரம் குறைவு. இரண்டு முதல் ஐந்து வரை வந்தால், “வாழ்விலே சிறிதளவு பாதிப்பு” என்று பொருள்.

எளிய கோல்; மருத்துவமனைக்கு வரும் நோயாளிக்குப் பயன்பட்ட கோல். செய்தவர்கள்மீது நமக்குக் குறையில்லை. கார்டிஃப் நகரத்து நோயாளிக்காகச் செய்த கோலை, அப்படியே கொண்டுவந்து நம் நாட்டு நோயாளியின் தோளிலே சாத்தி, “உன் துயரம் இத்தனை விரற்கடைதான்” என்று தீர்ப்புக் கூறுகிறவர்கள்மீதே நம் வழக்கு.

ஒரு முதியவரும் மூன்று மதிப்பெண்ணும்

ஒரு முதியவரைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், அவரைப் போன்றோர் ஆயிரவர். இருபது ஆண்டுகளுக்கு முன்பே கூட்டுமருந்து உண்டு நோய் நீங்கியவர். கிருமி போயிற்று; கை விரல் மடங்கியது மடங்கியதுதான். பாதத்திலே உணர்ச்சி இல்லை. உள்ளங்காலிலே ஆறாத புண். தாம்பரத்திலே ரயில் ஏறி, யாரும் பக்கத்திலே உட்காராத இடமாகப் பார்த்து, கதவோரத் தரையிலே அமர்ந்து செல்பவர். அவரிடம் கேள்வித்தாளை நீட்டுவோம்.

“கடந்த வாரம் வலித்ததா, ஐயா?” — “இல்லை.” சுழி.

“கூச்சமாக இருந்ததா?” — “பழகிப் போச்சுங்க. கொஞ்சம்.” ஒன்று.

“கடைக்குப் போக இடையூறு?” — “நான் கடைக்குப் போறதில்லையே.” பொருந்தாது, சுழி.

“உடையிலே மாற்றம்?” — “கையை மூடத் துண்டு போர்த்திக்குவேன்.” ஒன்று.

“பொழுதுபோக்கு?” — “யாரும் கூப்பிட மாட்டாங்க.” பொருந்தாது, சுழி.

“விளையாட்டு?” — முதியவர் சிரிக்கிறார். சுழி.

“வேலைக்குத் தடையா?” — “வேலை விட்டு இருபது வருஷமாச்சு.” பொருந்தாது, சுழி.

“உறவினரோடு தொல்லை?” — “உறவுன்னு யாரும் வர்றதில்லை.” பொருந்தாது, சுழி.

“இல்லறம்?” — பதில் இல்லை. சுழி.

“மருத்துவத்தால் தொல்லை?” — “புண்ணுக்குக் கட்டுப் போட நேரமாகும். கொஞ்சம்.” ஒன்று.

கூட்டுங்கள், தோழர்களே! மூன்று. முப்பதுக்கு மூன்று! “வாழ்விலே சிறிதளவு பாதிப்பு” என்று முத்திரை குத்தியாயிற்று. கன்னத்திலே பரு கிளம்பிவிட்டதே என்று கலங்கி நிற்கும் கல்லூரி மாணவன் ஒருவன் எட்டோ பத்தோ வாங்கிவிடுவான். அவன் கலக்கத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. அவன் துயரமும் துயரமே. ஆனால், அவனுக்கு இழப்பதற்கு ஒரு வாழ்வு இருக்கிறது: கடைத்தெரு இருக்கிறது, நண்பர் குழாம் இருக்கிறது, காதல் இருக்கிறது, ஆடுகளம் இருக்கிறது. முதியவரிடமிருந்து இவையனைத்தையும் ஊர் முன்பே பிடுங்கிக் கொண்டது. பிடுங்கிய பின் வந்து, “இவற்றிலே உமக்கு இடையூறு உண்டா?” என்று கேட்கிறது கேள்வித்தாள். இல்லாத வீட்டிலே ஒழுகுகிறதா என்று கேட்பது போல!

விந்தையைப் பாருங்கள். எவ்வளவுக்கெவ்வளவு ஒருவனை உலகம் ஒதுக்குகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு அவன் மதிப்பெண் குறைகிறது. முற்றிலும் ஒதுக்கிவிட்டால் முழுச் சுழி — முழு நலம்!

இந்த ஓட்டையை ஆராய்ச்சியாளர்களே கண்டிருக்கிறார்கள். ‘பொருந்தாது’ என்னும் விடைகளை ஈடுகட்டி மதிப்பெண் கணக்கிடும் திருத்த முறையொன்று 2018இல் வெளிவந்தது. நல்லது. ஆனால் திருத்தக் கணக்கும் எண்ணைத்தான் திருத்தும். ‘ஏன் பொருந்தாது?’ என்ற கேள்வியை அது கேட்காது. அந்த ‘ஏன்’ என்பதிலேதான் நம் நாட்டின் வரலாறே அடங்கியிருக்கிறது.

வலியின்மை என்னும் வஞ்சகன்

முதற் கேள்வியை மீண்டும் பாருங்கள்: வலித்ததா? தொழுநோயின் தன்மையறிந்த எவரும் இந்தக் கேள்வியைக் கண்டு திடுக்கிடுவர். 1873இல் நார்வே நாட்டு ஹேன்சன் கண்டறிந்த அந்தக் கிருமி, தோலோடு நிற்பதில்லை, நரம்பிலே குடிபுகுகிறது. நரம்பு மடிந்தால் உணர்ச்சி மடிகிறது. அடுப்பிலே கை சுட்டாலும் தெரியாது. காலிலே முள் தைத்தாலும் தெரியாது. தெரியாமல் நடக்கிறார், புண்ணாகிறது. புண்ணோடு நடக்கிறார், எலும்பு வரை செல்கிறது. விரல்கள் தாமே உதிர்வதாக நம் பாட்டிமார் சொன்னது பொய். உணர்ச்சியற்ற விரல், காப்பாற்ற ஆளில்லாமல் காயம்பட்டுக் காயம்பட்டுத் தேய்கிறது.

இதனை உலகுக்கு உணர்த்தியது எந்த ஊர் தெரியுமா? நம் வேலூர்! 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். வலியின்மைதான் இவர்களுடைய பெரும்பகை என்று நிறுவினார். உணர்ச்சியற்ற காலுக்கு மென்மையான ரப்பர் செருப்பு வேண்டும் என்று வேலூரிலும் கரிகிரியிலும் செய்து காட்டினார்கள். ஆகவே, “வலிக்கவில்லை” என்று தொழுநோயர் சொல்லும்போது, அறிவுள்ள மருத்துவன் அஞ்ச வேண்டும். காலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கேள்வித்தாளோ, சுழி போட்டு மகிழ்கிறது!

உடலுக்கு மட்டுமா இந்த விதி? உள்ளத்துக்கும் இதுவேதான், தோழர்களே! நெடுங்காலம் மிதிபட்ட உள்ளமும் மரத்துப் போகிறது. “கூச்சமா?” என்றால், “பழகிப் போச்சு” என்கிறது. பழக்கம் நலமாகுமா? தேநீர்க் கடையிலே தனிக் குவளையிலே குடித்த நம் உடன்பிறப்பும் ஒரு காலத்தில் “பழகிப் போச்சு” என்றுதானே சொன்னார்! அவரிடம் அன்று ஒரு கேள்வித்தாளை நீட்டியிருந்தால், தனிக் குவளைக்கும் சுழி போட்டிருப்பார்கள். பெரியார் சுழி போடவில்லை. மரத்த இடத்திலே சுரணை வரும்வரை தட்டினார்.

தலைவிதி என்னும் எழுதுகோல்

இந்த உள்ளத்தை மரக்கச் செய்தது எது? மருந்தில்லாக் காலத்து அச்சம் ஒரு பாதி. மறுபாதி, வைதிகம் ஊட்டிய நஞ்சு.

மனுவின் மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். எத்தகைய குடும்பத்திலே பெண் எடுக்கலாகாது என்று பட்டியல் இருக்கிறது. அதிலே குட்டநோய் கொண்ட குலமும் உண்டு. நோயாளியை மட்டுமல்ல, குலத்தையே தள்ளு என்கிறது ஸ்மிருதி! சூரியனார் கோயில் தலபுராணமோ இன்னும் சுவையானது: காலவ முனிவருக்கு வர வேண்டிய தொழுநோயைத் தடுக்க முனைந்ததற்காக, நவகோள்களுக்கே தொழுநோய் வரட்டும் என்று சாபமாம்! வானத்திலே சுழலும் கோளுக்கும் தோல் நோய்! கேட்டுச் சிரிக்கலாம், ஆனால் கதை விதைத்த கருத்து சிரிப்பதற்குரியதன்று. இந்நோய் கிருமியால் வருவதன்று, சாபத்தால் வருவது. பாவம் செய்தவனுக்கு வருவது — இதுவே விதை. முளைத்து மரமாகி, நோயாளியின் நெஞ்சிலேயே வேர் விட்டுவிட்டது. “யார்மேலே குறை சொல்ல? என் தலையெழுத்து” என்கிறார். தலையெழுத்தை நம்புகிறவன் கேள்வித்தாளிலே குறையெழுத்து எழுதுவானா? அவன் கையிலே எழுதுகோலைக் கொடுத்தாலும், எழுதுவது மனு!

சட்டமாவது விலகி நின்றதா? 1898இல் வெள்ளையன் இயற்றிய தொழுநோயர் சட்டம், வறிய நோயாளியைப் பிடித்து அடைக்க வழி செய்தது. அதை ஏட்டிலிருந்து நீக்க 2016 வரை ஆயிற்று. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும் தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக வைத்தது. கூட்டுமருந்து இந்நாட்டிற்கு வந்தது 1980களின் தொடக்கத்திலே. ஆறு திங்களோ பன்னிரண்டு திங்களோ உண்டால் நோய் நீங்கும் என்று மருத்துவம் பறைசாற்றிய பின்னும், நாடாளுமன்றம் அந்தக் காரணத்தை நீக்கியது 2019இலேதான்! மனு வழிமொழியப்பட்டது ஒரு நாளில். மனுவை மறுக்க ஒரு தலைமுறைக்கு மேல்!

நம் வீட்டுக் குப்பை

பிறரைச் சாடிவிட்டு நம்மை மறைத்துக் கொள்வது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. நம் மேடையையும் பார்ப்போம்.

நடிகவேள் எம்.ஆர். இராதா நடித்து, 1954இல் திரைக்கு வந்தது ‘இரத்தக்கண்ணீர்’. போலிப் பெருமையையும் மூடப் பழக்கத்தையும் அந்தக் கலைஞர் கிழித்தெறிந்த அழகைத் தமிழகம் மறக்காது, நாமும் மறக்கவில்லை. ஆனால் நேர்மையாகக் கேட்டுப் பாருங்கள்: கதைத் தலைவனுக்குத் தொழுநோய் ஏன் வருகிறது? பரத்தையர் வீடு நாடி ஒழுக்கம் கெட்டதன் பயனாக வருகிறது. மருத்துவம் இதை ஏற்குமா? தொழுநோய் ஒழுக்கக்கேட்டால் வருவதன்று. மருத்துவம் பெறாத நோயாளியோடு நெடுநாள் நெருங்கி வாழும்போது, மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் வரும் நுண்துளிகளால் பரவுவது. அப்படியும் மக்களுள் மிகப்பெரும்பாலோர்க்கு இயற்கையிலேயே எதிர்ப்பாற்றல் உண்டு. மருந்து தொடங்கியதும் தொற்றும் தன்மை அகன்றுவிடுகிறது. முற்பிறவி வினை என்பதை வாயில் வழியே விரட்டினோம். இப்பிறவி வினை என்று சாளரத்தின் வழியே அழைத்துக் கொண்டோம்!

இன்றும் நம் பேச்சாளர்கள் “சாதி என்னும் குட்டநோய்” என்று முழங்கக் கேட்கிறோம். கைதட்டலும் விழுகிறது. கூட்டத்தின் ஓரத்திலே துண்டால் கையை மூடிக்கொண்டு நிற்கிறாரே ஒரு முதியவர் — அவர் நெஞ்சிலே என்ன விழுகிறது என்று எண்ணினோமா? சாதியைத் திட்ட வேறு சொல்லே இல்லையா தமிழிலே? சாதி மனிதன் செய்த கொடுமை. தொழுநோய் கிருமி செய்த கேடு. கொடியவனைத் திட்ட, கேடுற்றவனை உவமையாக்குவது எவ்வகை நீதி?

ஒழித்தார்களாம்!

“தொழுநோயைத்தான் ஒழித்தாயிற்றே! இன்னும் என்ன பேச்சு?” என்பார் உண்டு. 2005 திசம்பரிலே, பொது நலச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து தொழுநோய் நீங்கியதாக இந்தியா அறிவித்தது உண்மை. பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாகப் பதிவேட்டிலே இருந்தால் ‘நீங்கியது’ என்பது இலக்கணம். பதிவேட்டிலே இருப்பவர் யார்? மருந்து உண்டுகொண்டிருப்பவர். மருந்து முடிந்த அன்றே பெயர் நீங்குகிறது. மடங்கிய விரல் நீங்குகிறதா? காலின் புண் நீங்குகிறதா? மகளுக்கு மணம் பேச வந்தவர் ஓடிப்போனாரே, அந்த அவமானம் நீங்குகிறதா? பெயர் மட்டுமே நீங்குகிறது!

அந்த அறிவிப்புக்குப் பின்னும், ஆண்டுதோறும் உலகிலே புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயருள் பாதிக்குமேல் இந்தியாவிலேதான். ஓராண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்பது அண்மை ஆண்டுக் கணக்கு. ஒழிந்தது நோயன்று, நோயின்மீது இருந்த கவனம்.

“உங்களைப் போன்றோர்” யார்?

கார்டிஃப் கோல் பொருந்தாவிட்டால் வேறு கோல் இல்லையா? உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1990களிலே வாழ்க்கைத்தர அளவை ஒன்றை உருவாக்கியபோது, உலகெங்கும் தேர்ந்த பதினைந்து மையங்களுள் சென்னையும் ஒன்றாக இருந்தது. அதன் சுருக்கத்திலே 26 கேள்விகள். பணம் போதுகிறதா, வீடு நன்றா, போக்குவரத்து வசதி உண்டா, மருத்துவம் கிட்டுகிறதா என்றெல்லாம் கேட்கிறது. நல்ல கோல், கார்டிஃப் கோலைவிட நம் மண்ணுக்கு நெருங்கிய கோல்.

தொழுநோயர்க்கென்றே இந்தியா, நேபாளம், பிரேசில் நாடுகளிலே உருவான பங்கேற்பு அளவை இன்னும் ஒரு படி மேல். 18 கேள்விகள். வேலை தேட உங்களுக்குச் சம வாய்ப்பு உண்டா? விழாக்களிலே கலந்து கொள்கிறீர்களா? ஊரிலே உங்களுக்கு மதிப்பு உண்டா? ஒவ்வொன்றையும், “உங்களைப் போன்றோர்” நிலையோடு ஒப்பிட்டுச் சொல்லச் சொல்கிறது. உங்களைப் போன்றோர் என்றால் நோயொன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் உங்களுக்கு ஒத்தவர்.

இங்கேதான் பகுத்தறிவாளன் கையுயர்த்த வேண்டும்! ஒடுக்கப்பட்ட சாதியிலே பிறந்த ஒரு கைம்பெண். தொழுநோய் கண்டு தேறியவள். “உங்களைப் போன்றோர் போலக் கோயில் விழாவிலே கலந்து கொள்கிறீர்களா?” என்கிறது கேள்வி. அவளைப் போன்றோர் யார்? அவள் தெருவிலே உள்ள மற்றக் கைம்பெண்கள். அவர்களையும்தான் விழாவுக்கு யாரும் அழைப்பதில்லை! “ஆம், அவர்களைப் போலத்தான் நானும்” என்கிறாள். தடையில்லை, சுழி! நோய் செய்த கேட்டை மட்டும் தனியே பிரித்தளக்க இப்படி வகுத்தார்கள். ஆராய்ச்சிக்கு அது தேவையாகலாம். ஆனால் சாதி செய்த கேடும், கைம்மை செய்த கேடும் கணக்கிலிருந்து கரைந்து போகின்றனவே! ஒரே உடல்மீது மூன்று கட்டைகள். மருத்துவன் ஒன்றை மட்டும் எடை போட்டுவிட்டு, “சுமை குறைவு” என்கிறான். சுமப்பவள் முதுகு மூன்றையும் சேர்த்தல்லவா சுமக்கிறது?

காலைப் பாருங்கள், இன்னும் தெளியும். மதுரைக்கால் என்று உலக மருத்துவ நூல்கள் பேர் சூட்டிய நோய், 1842இல் மதுரையிலே கில் என்னும் மருத்துவர் எழுதிய குறிப்பால் அறியப்பட்டது. மண்ணிலே வாழும் பூஞ்சையோ நுண்ணுயிரோ, முள் தைத்த வழியே வெறுங்காலிலே புகுந்து, எலும்பு வரை அரிக்கும். யார் வெறுங்காலோடு நடந்தவர்? கழனியிலே உழைத்தவர், செருப்பு வாங்க வகையற்றவர், வகையிருந்தாலும் மேல்சாதித் தெருவிலே செருப்பைக் கழற்றிக் கையிலே எடுத்துக்கொள்ளக் கட்டளையிடப்பட்டவர்! யானைக்கால் யாருக்கு வந்தது? தேங்கிய சாக்கடையிலே பெருகும் கொசுவின் நடுவே குடிசை போட்டவர்க்கு. ‘வெப்பமண்டல நோய்’ என்று வெயில்மீது பழி போடுகிறார்கள். வெயில் அக்கிரகாரத்திலும் அடித்தது, சேரியிலும் அடித்தது. செருப்பும் சாக்கடையும் மட்டுமே வேறுபட்டன!

அளவை வேண்டாமா?

“அளவையும் வேண்டாம், ஆராய்ச்சியும் வேண்டாம், சோறு போடு, வேலை கொடு, அது போதும்” என்று கூறும் தோழர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் உள்ளம் நல்லது, வழி முழுமையன்று.

தாம்பரத்துக்கு முந்தைய நிலையத்தின் பெயரைப் படியுங்கள்: தாம்பரம் சானடோரியம். 1928இல் சௌரி முத்து என்னும் மருத்துவர் காசநோயாளிகளுக்காக அங்கே நிறுவிய மருத்துவ நிலையத்தால் வந்த பெயர். ஒரு காலத்தில் அப்பெயர் கேட்டாலே நடுக்கம். இன்று “சானடோரியத்திலே வீடு பார்த்திருக்கிறோம்” என்று மகிழ்ந்து சொல்கிறார்கள். நடுக்கத்தை ஓட்டியது எது? மருந்து ஒன்று, அளவை மற்றொன்று. காசநோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும், சானடோரியத்திலே வைத்துக் கொடுத்தாலும் பயன் ஒன்றே. வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை என்று அளந்து காட்டியது 1956இல் நம் சென்னையிலே தொடங்கிய ஆய்வு. 1959இல் அது வெளியானதும், உலகெங்கும் காசநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிக்கும் வழக்கம் ஆட்டம் கண்டது. பரிவுரை ஆயிரம் செய்ய முடியாததை, நேர்மையான ஓர் அளவை செய்து முடித்தது!

நம் இயக்கமே கணக்கிலிருந்து பிறந்ததல்லவா? 1916இல் வெளியான பார்ப்பனரல்லாதார் அறிக்கை வெறும் புலம்பலா? இந்தப் பதவியிலே இத்தனை பேர், அவர்களுள் இன்னார் இத்தனை பேர் என்று எண்களை அடுக்கி நீதி கேட்டது. எண்ணப்படாதவனுக்குப் பங்கில்லை என்பதை இந்நாட்டிலே முதலிலே உணர்ந்தவர்கள் நம் முன்னோர். ஆகவே அளவையை நாம் எதிர்க்கவில்லை. பொய்க்கோலை எதிர்க்கிறோம்.

நாம் கேட்பன இவை. கேள்வித்தாள் பேச்சுத் தமிழிலே, மக்கள் வாயிலே வழங்கும் சொல்லிலே இருக்கட்டும்; அதைச் செய்யும் குழுவிலே நோய் கண்டு தேறியவர்கள் அமரட்டும். ‘பொருந்தாது’ என்ற விடைக்குச் சுழி போடும் வழக்கம் ஒழியட்டும், ‘ஏன் பொருந்தாது?’ என்று கேட்டு, விடையை எழுதட்டும். ‘வலிக்கவில்லை’ என்றால் காலைத் தூக்கிப் பார்க்கட்டும். மருந்து முடிந்த பின்னும் ஆண்டுதோறும் அளவை தொடரட்டும். நோயையும் சாதியையும் கைம்மையையும் வறுமையையும் சேர்த்தெடுத்த எடையே எடை என்று ஏற்கட்டும். அளந்த கணக்கு அலமாரியிலே உறங்காமல், செருப்பாக, அறுவை மருத்துவமாக, ஓய்வூதியமாக, வேலையாக அவரிடமே திரும்பி வரட்டும்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு பணி உண்டு. பரனூருக்கும் செங்கல்பட்டுக்கும் செல்லும் ரயிலிலே நாள்தோறும் ஏறுகிறீர்கள். கதவோரத் தரையிலே அந்த முதியவர் அமர்ந்திருப்பார். அவர் அருகே இருக்கை காலியாக இருக்கும். அவரை எழுப்பி உட்கார வையுங்கள். பக்கத்திலே நீங்கள் உட்காருங்கள். தொற்றிக் கொள்ளும் என்று எவனாவது முணுமுணுத்தால், ஹேன்சன் கண்டதையும் காக்ரேன் செய்ததையும் உரக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை கேள்வித்தாள் வரும்போது, “யாரோடாவது பழகுவதிலே இடையூறு உண்டா?” என்ற கேள்விக்கு அவர் ‘பொருந்தாது’ என்று சொல்லக் கூடாது. “ஒரு தம்பி வந்து பக்கத்திலே உட்கார்ந்தான்” என்று சொல்லட்டும்.

அன்று போடும் சுழியே உண்மையான சுழி!